மெக்கானிக்கலா, கம்ப்யூட்டரா? தையல் மெஷின் வாங்கும் முன் ஐசக் சிங்கரைத் தெரிஞ்சுக்கோங்க!

குவில்ட் தைக்கணும்னு ஆசை வந்ததும் முதலில் எழும் கேள்வி இதுதான்: மெக்கானிக்கல் மெஷின் போதுமா, கம்ப்யூட்டர் மெஷின் வேணுமா? இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சு அடுக்கை வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைப்பதுதான் குவில்ட். கனமான, வழுக்கும் வேலை. அதனால்தான் மெஷின் விஷயத்தில் இத்தனை குழப்பம்.

கடையில் எந்த மெஷினைக் காட்டினாலும் அதன் அடிப்படை வடிவம் ஒருவரை நினைவுபடுத்தும். அவர் ஐசக் மெரிட் சிங்கர். தையல் மெஷினைக் கண்டுபிடித்தவர் இவர்தான்னு பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அவர் கண்டுபிடிக்கவில்லை. அப்படியானால் அவர் செய்தது என்ன?

மேடைக்கு ஆசைப்பட்ட மெக்கானிக்

1811 அக்டோபர் 27-ல் நியூயார்க் மாகாணத்தின் பிட்ஸ்டவுனில் பிறந்தார் சிங்கர். அப்பா ஜெர்மனியிலிருந்து குடியேறியவர். 12 வயதிலேயே வீட்டை விட்டு வெளியேறிய சிங்கர், பட்டறைத் தொழில் கற்றார். ஆனால் மனசெல்லாம் நாடக மேடையில்தான்! காசு தீர்ந்தால் பட்டறை, கொஞ்சம் சேர்ந்தால் மேடை. இப்படியே இளமை ஓடியது.

1839-ல் பாறை துளைக்கும் இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கி, அதை 2,000 டாலருக்கு விற்றார். அந்தப் பணத்தில் சொந்தமாக நாடகக் குழு தொடங்கி ஊர் ஊராகச் சுற்றினார். சில ஆண்டுகளில் மொத்தமும் கரைந்தது.

கைகளுக்கு விடுதலை

1850-ல் பாஸ்டன் நகரில் ஆர்சன் ஃபெல்ப்ஸ் என்பவரின் பட்டறைக்கு வந்தார். எழுத்து செதுக்கும் தன் இயந்திரத்தை விற்பதுதான் திட்டம். அது போணியாகவில்லை. ஆனால், அதே பட்டறையில் இருந்த தையல் மெஷின்கள் அவர் கண்ணில் பட்டன. அவை அடிக்கடி பழுதாகிக்கொண்டிருந்தன.

அதற்கு முன்பே, 1846-ல் எலியாஸ் ஹோவ் என்பவர் தையல் மெஷினுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். நுனியில் துளையுள்ள ஊசி, அடியில் இன்னொரு நூலைக் கொண்டுவரும் ஷட்டில், இரண்டு நூலும் கோத்துக்கொள்ளும் தையல் எல்லாம் அதில் இருந்தன. ஆனால் ஊசி வளைந்தது; பக்கவாட்டில் ஓடும். துணியைச் செங்குத்தாகக் குத்தித் தொங்கவிட வேண்டும். கொஞ்ச தூரம் தைத்ததும் நிறுத்தி, துணியை மறுபடி மாட்ட வேண்டும்.

சிங்கர் ஊசியை நேராக்கி, மேலிருந்து கீழே இறங்க வைத்தார். துணி மேஜைப் பலகையில் படுத்தது. அதை அழுத்திப் பிடிக்க ஒரு பாதம் வந்தது. பட்டறையில் பார்த்த மெஷினில் ஷட்டில் வட்டமாகச் சுற்றியது. அதை முன்னும் பின்னும் நேராக ஓட விட்டார். காலால் மிதித்து ஓட்டும் வசதியும் சேர்ந்ததால் இரண்டு கைகளும் துணியைத் திருப்பவே கிடைத்தன. 1851 ஆகஸ்ட் 12-ல் காப்புரிமை கிடைத்தது.

வழக்கும் தவணையும்

ஹோவ் சும்மா இருக்கவில்லை, வழக்குப் போட்டார். 1854-ல் தீர்ப்பு அவர் பக்கம். சிங்கர் பணம் கட்ட வேண்டியதாயிற்று. ஆனாலும் சண்டை ஓயவில்லை. எல்லா நிறுவனங்களும் ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தன. கடைசியில் 1856-ல் ஹோவும் மூன்று பெரிய நிறுவனங்களும் தங்கள் காப்புரிமைகளை ஒரே தொகுப்பில் சேர்த்தன. இன்றைய மெஷினில் துணியை நகர்த்தும் பற்களின் அசைவு ஆலன் வில்சன் உருவாக்கியது. அதுவும் அந்தத் தொகுப்பில் இருந்தது. ஆக, தையல் மெஷின் தனி ஒருவரின் சொத்து இல்லை.

அடுத்த சிக்கல் விலை. ஒரு மெஷின் 100 டாலரைத் தாண்டியது. சாதாரணக் குடும்பத்தின் ஆண்டு வருமானமே சுமார் 500 டாலர்தான். சிங்கரின் கூட்டாளியான வழக்கறிஞர் எட்வர்ட் கிளார்க், 1856-ல் மாதத் தவணை முறையைக் கொண்டுவந்தார். இன்றைய இஎம்ஐ-யின் முன்னோடி! 1855-ல் 883 மெஷின்கள் விற்ற நிறுவனம், 1856-ல் 2,564 விற்றது.

காந்தி நம்பிய காதல் கதை

இயந்திரங்களை எச்சரிக்கையோடு பார்த்த காந்தி, 1924-ல் நடந்த ஓர் உரையாடலில் சிங்கர் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அன்பினால் சிங்கர் அதை உருவாக்கினார் என்பது அவர் நம்பிக்கை.

நிஜம் வேறு மாதிரி. சிங்கர் துரத்தியது பணத்தை. முதல் மனைவியை முறைப்படி பிரியாமலே மேரி ஆன் ஸ்பான்ஸ்லரோடு பல ஆண்டுகள் குடும்பம் நடத்தினார். அவருக்கும் தெரியாமல் வேறு குடும்பங்கள் இருந்தன. மொத்தப் பிள்ளைகள் 20-க்கும் மேல். 1860-ல் நியூயார்க் தெருவில் இன்னொரு பெண்ணோடு வண்டியில் போனபோது ஸ்பான்ஸ்லரிடமே மாட்டினார். விஷயம் சந்தி சிரித்தது. சிங்கர் ஐரோப்பாவுக்குக் கிளம்பிவிட்டார். 1863-ல் இசபெல்லா பாயரை மணந்தார். 1875 ஜூலை 23-ல் இங்கிலாந்தின் பெயின்டனில், தான் கட்டிய மாளிகை முடியும் முன்பே இறந்தார். விட்டுச் சென்ற சொத்து சுமார் 1.3 கோடி டாலர்.

ஆனால் காந்தி பார்த்த பலன் பொய்யில்லை. கையால் 14 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் ஒரு சட்டை, மெஷினில் சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் முடியும் என அன்றைய வீலர் அண்ட் வில்சன் நிறுவனம் கணக்குக் காட்டியது. உருவாக்கியவர் நல்லவரா என்பது வேறு. மெஷின் யார் கையின் சுமையைக் குறைத்தது என்பது வேறு.

சரி, எதை வாங்குவது?

சிங்கர் இறந்து சரியாக 100 ஆண்டுகள் கழித்து, 1975-ல் அவர் பெயர் தாங்கிய நிறுவனம் அதீனா 2000 என்ற எலக்ட்ரானிக் மெஷினைக் கொண்டுவந்தது. அதிலும் தையல் விழும் விதம் பழையதுதான். கம்ப்யூட்டர் மாற்றியது கட்டுப்பாட்டை. ஒவ்வொரு முறையும் ஊசியைத் துணிக்குள்ளேயே நிறுத்துவது, நூலைத் தானே வெட்டுவது, வேகத்துக்கு வரம்பு வைப்பது, பட்டனை அழுத்தியதும் தையல் மாறுவது இவையெல்லாம் அதன் லாபம். குவில்ட்டைப் பாதியில் திருப்பும்போது ஊசி கீழேயே நிற்பது பெரிய உதவி. ஆனால் சர்க்யூட் போர்டு போனால் செலவு கூடும். பக்கத்துத் தெரு மெக்கானிக்கால் சரிசெய்ய முடியாமல் போகலாம்.

மெக்கானிக்கலில் குமிழைத் திருப்பித் தையலைத் தேர்ந்தெடுக்க வேண்டும், வசதி குறைவு. ஆனால் பழுது பார்ப்பது எளிது. பராமரித்தால் பல்லாண்டு உழைக்கும். நேர்கோட்டில் குவில்ட் தைக்க இது தாராளமாகப் போதும்.

எந்த வகையானாலும் நாலு விஷயம் பாருங்க. ஊசிக்கு வலப்பக்கம், சுருட்டிய குவில்ட் நுழைய இடம் இருக்கா? மேல் துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் பொருந்துமா? கைபோக்கில் பூவேலை தைக்க அடிப்பற்களை இறக்கவோ மூடவோ முடியுமா? பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்கலாமா? மூன்று அடுக்கு மாதிரித் துணி ஒன்றைக் கடைக்கே எடுத்துப்போய்த் தைத்துப் பாருங்க. இரண்டு கைகளும் துணியைத் திருப்ப மட்டும் போதுமானதாக இருந்தால், அதுதான் உங்க மெஷின்.