மந்திரமல்ல, கைத்திறனே!



சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மனதில் வைத்துக்கொள்ளச் சொல்லி, பிறகு அது இன்ன சீட்டென்று சொல்லிவிடும் வித்தைக்காரனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகள் வாய் பிளந்து நிற்பார்கள். பெரியவர்களிலும் சிலர் இவனுக்குப் பிறர் மனதை அறியும் சக்தி உண்டென்பார்கள். வேறு சிலர் இது பசாசின் வேலை என்பார்கள். இதே குற்றச்சாட்டுக்கு ஆளாகி, ஒரு குருவானவர் முன் நின்று பதில் சொல்ல நேர்ந்த ஏழை மாணவன் ஒருவன் இருந்தான். அவனே பின்னாளில் அர்ச். ஜான் போஸ்கோ என்று உலகமெங்கும் போற்றப்படுபவர்.

இத்தாலியில் பியமோந்து நாட்டில், காஸ்தெல்நுவோவைச் சேர்ந்த பெக்கி என்னும் சிற்றூரில், 1815-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 16-ந் தேதி ஜான் பிறந்தான். இரண்டு வயது நிறையுமுன் தந்தையை இழந்தான். தாய் மார்கரீத்தம்மாள் வயலில் பாடுபட்டுப் பிள்ளைகளைத் தெய்வபயத்தில் வளர்த்தாள்.

சந்தைக்கு வரும் கழைக்கூத்தாடிகளையும் வித்தைக்காரர்களையும் கண்டு மற்றச் சிறுவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். ஜான் கைகொட்டவில்லை, வித்தைக்காரனின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்டதை வீட்டுக்கு வந்து கீழே விழுந்தும் எழுந்தும் பழகினான். பிறகு தாயின் உத்தரவோடு புல்வெளியில் இரண்டு மரங்களுக்கிடையே கயிறு கட்டி அதன்மேல் நடந்து காட்டினான். பார்க்கக் காசு வேண்டியதில்லை. ஆனால் முதலில் எல்லோரும் செபமாலை சொல்லவேண்டும். கோவிலில் கேட்ட பிரசங்கத்தை ஜான் திருப்பிச் சொல்வதைக் கேட்கவேண்டும். செபத்துக்கு நிற்காதவனுக்கு வேடிக்கையும் கிடையாது!

1831-ம் ஆண்டு கியேரி நகரத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான். ஒரு சமயம் குமினோ என்னும் தையற்காரர் வீட்டில் தங்கியிருந்தான். அந்த நல்ல மனிதர் பட்ட பாட்டைக் கேளுங்கள். தமது நாமத் திருநாளுக்கென்று கோழி சமைத்து மேசையில் வைத்து மூடியைத் திறந்தால், உயிருள்ள சேவல் ஒன்று கூவிக்கொண்டு வெளியே பாயும்! திராட்சரசம் ஊற்றப்போனால் தண்ணீர் வரும். பணப்பையைத் திறந்தால் துருப்பிடித்த தகரத் துண்டுகள் இருக்கும். குமினோவுக்குச் சிரிப்புப் போய்ப் பயம் வந்தது. மனிதனால் இவை ஆகாது, சர்வேசுரன் இப்படி விளையாடமாட்டார், ஆகையால் பசாசுதான் என்று முடிவுகட்டி, ஒரு குருவானவரிடம் போய்ச் சொன்னார்.

விஷயம் கியேரி பெரிய கோவிலின் தலைமைக் குருவான புர்சியோ சுவாமியாரிடம் போயிற்று. அவர் ஜானை அழைத்தார். படிப்பிலும் நடத்தையிலும் குறையில்லை என்று ஒப்புக்கொண்டே, அவன் பிறருடைய நினைவுகளை அறிகிறான், அவர்கள் பையிலுள்ள பணத்தைச் சொல்லிவிடுகிறான், வெள்ளையைக் கறுப்பாகக் காட்டுகிறான் என்று பேச்சு நடக்கிறதே, இவற்றை யாரிடம் கற்றாய் என்று கண்டிப்பாக விசாரித்தார்.

வாசகரே, அவன் நிலையைச் சற்று எண்ணிப்பாருங்கள். குருவாக வேண்டும் என்பதே அவன் ஆசை. மந்திரவாதி என்ற பெயர் நிலைத்துவிட்டால், எந்தக் குருமடம் அவனை ஏற்கும்?

ஜான் கலங்கவில்லை. பதில் சொல்ல ஐந்து நிமிஷ அவகாசம் கேட்டு, இப்போது மணி என்ன என்று வினவினான். சுவாமியார் பையில் கைவிட்டார், கடிகாரத்தைக் காணோம். அப்படியானால் ஒரு காசு தரும்படி கேட்டான், பணப்பையையும் காணோம். சுவாமியாருக்குக் கோபம் பொங்கிற்று. ஜானோ அமைதியாக விளக்கம் சொன்னான். அவன் வந்தபோது சுவாமியார் ஓர் ஏழைக்குத் தருமம் கொடுத்துவிட்டுப் பணப்பையை முழந்தாளிடும் பலகைமேல் வைத்தார். அடுத்த அறைக்குப் போகும்போது கடிகாரத்தைச் சிறு மேசைமேல் விட்டுப்போனார். அவன் இரண்டையும் எடுத்து விளக்கின் மூடிக்கடியில் மறைத்தான். அவரோ அவை தம்மிடம் இருப்பதாகவே எண்ணியிருந்தார். மூடியைத் தூக்கியதும் இரண்டும் அங்கே இருந்தன! சுவாமியார் வயிறு குலுங்கச் சிரித்து, இன்னும் சில வித்தைகளைச் செய்யச் சொல்லிப் பார்த்து, சிறு வெகுமதியும் கொடுத்தனுப்பினார்.

சீட்டு வித்தையும் பெரும்பாலும் இப்படித்தான். வித்தைக்காரன் கட்டின் அடிச்சீட்டை முன்னமே பார்த்து வைத்திருப்பான். நீங்கள் எடுத்த சீட்டைக் கட்டின் மேலே வைக்கச் சொல்லி, கட்டை வெட்டி, கீழ்ப்பாதியை மேலே வைப்பான். இப்போது அவனறிந்த சீட்டு உங்கள் சீட்டின்மேல் உட்கார்ந்திருக்கும். மேலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போடும்போது, தான் அறிந்த சீட்டுக்கு அடுத்து வருவது உங்களுடையதென்று அவனுக்குத் தெரியும். அவன் உங்கள் முகத்தை உற்று நோக்குவதெல்லாம் வெறும் நடிப்பு. அவன் பார்த்தது உங்கள் மனதையல்ல, அடிச்சீட்டையே!

1835-ம் ஆண்டு குருமாணவனுக்குரிய அங்கியைத் தரித்தபோது, இனி வித்தை காட்டுவதில்லை என்று ஜான் பிரதிக்கினை செய்தான். ஆனாலும் குருமடத்தில் சீட்டாட்டம் அவனைச் சிறிதுகாலம் பிடித்துக்கொண்டது. ஆடினால் வெற்றிதான், கை நிறையக் காசு. தோற்ற தோழர்களின் வாடிய முகங்களைக் கண்டபோது அந்தக் காசு அவனுக்குக் கசந்தது. செபம் செய்கையிலும் சீட்டின் ராசாவே கண்முன் நின்றார். தத்துவ சாஸ்திரம் படித்த இரண்டாம் ஆண்டில் அதையும் அடியோடு விட்டான்.

1841-ம் ஆண்டு சூன் 5-ந் தேதி தூரின் நகரில் குருப்பட்டம் பெற்றார். வித்தைக்காரனின் விரலைக் கவனித்த அதே கண், இப்போது ஆதரவற்ற பிள்ளைகளைக் கவனித்தது. அவ்வாண்டு டிசம்பர் 8-ந் தேதி, கோவில் பணியாளன் அடித்துத் துரத்திய ஒரு பையனை அவர் திரும்ப அழைத்தார். தாய் தகப்பனில்லாத, எழுத்தறியாத 16 வயதுப் பிள்ளை அவன். ஓர் அருள் நிறைந்த மந்திரத்தோடு அவனுக்கு ஞானோபதேசம் தொடங்கிற்று. அந்த ஒருவனைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள். 1859-ல் சலேசிய சபை உண்டாயிற்று. அச்சபையின் குருக்கள் 1906-ல் நமது தஞ்சாவூருக்கும் வந்துசேர்ந்தார்கள். தொன் போஸ்கோ 1888-ம் ஆண்டு சனவரி 31-ந் தேதி மரித்தார். 1934-ம் ஆண்டு பாஸ்கு ஞாயிறன்று 11-ம் பத்திநாதர் பாப்பானவர் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை வித்தை பழகினால் தடுக்கவேண்டாம். ஆனால் கேட்கவேண்டியவர் கேட்கும்போது, இது இப்படித்தான் என்று உண்மை சொல்லக் கற்றுக்கொடுங்கள். காசு வாங்கிக்கொண்டு உங்கள் மனதிலிருப்பதைச் சொல்கிறேன், வருவதுரைக்கிறேன் என்று வாசலில் வந்து நிற்பவனிடமோ, குமினோவைப்போல் பயப்படவும் வேண்டாம், நம்பவும் வேண்டாம். மூடிக்கடியில் என்ன இருக்கிறதென்று பாருங்கள். மனித இருதயத்தின் ஆழத்தை அறிபவர் சர்வேசுரன் ஒருவரே. அவருக்குமுன் நம் உள்ளத்தை மறைக்காதிருக்கும் வரத்தை, அர்ச். ஜான் போஸ்கோவின் மன்றாட்டால் கேட்டுக்கொள்வோமாக.