பழங்குடிகளின் காவலர் லாஸ் காசாஸ்

கொலம்பஸ் தம் முதற் கடற்பயணத்தை முடித்துக்கொண்டு 1493ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டுச் செவில் நகருக்கு வந்தபோது, அவரோடு வந்த தீவு மக்களையும் பச்சைக் கிளிகளையும் காண ஊரே திரண்டது. அக்கூட்டத்தில் பார்த்தலோமே தே லாஸ் காசாஸ் என்னும் சிறுவனும் நின்றிருந்தான். வணிகரான அவன் தந்தை அவ்வாண்டே கொலம்பஸின் இரண்டாம் பயணத்தில் சேர்ந்துகொண்டார். திரும்புகையில் தீவைச் சேர்ந்த இளைஞன் ஒருவனை மகனுக்குப் பணியாளாகக் கொண்டுவந்தார். பின்னர் அரசி இசபெல்லாவின் ஆணைப்படி அவ்விளைஞன் தன் தாயகத்திற்கே அனுப்பப்பட்டான்.

தாம் வந்தடைந்தது நம் இந்தியாவை ஒட்டிய நிலம் என்றே கொலம்பஸ் நம்பினார். அதனால் அம்மக்களை ஸ்பானியர் இந்தியர் என்றே அழைத்தனர். இப்பாடத்தில் அவர்களைப் பழங்குடியினர் எனக் குறிப்போம்.

1502இல் லாஸ் காசாஸும் கடல் கடந்து ஹிஸ்பானியோலாத் தீவை அடைந்தார். இன்றைய ஹைத்தியும் டொமினிக்கன் குடியரசும் அத்தீவில் உள்ளன. அங்கு என்கொமியெண்டா என்றொரு முறை நிலவியது. அரசு ஒவ்வொரு ஸ்பானியருக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பழங்குடியினரை ஒப்படைக்கும்; அவர்கள் அவருடைய வயலிலும் பொன் எடுக்கும் இடத்திலும் உழைக்க வேண்டும். அதற்கு ஈடாக அவர் அவர்களைக் காத்துச் சமயக் கல்வியும் அளிக்க வேண்டும். உழைப்பு தவறாமல் பெறப்பட்டது. காப்போ ஏட்டளவில் நின்றது. கடும் உழைப்பாலும் பசியாலும் நோயாலும் தீவு மக்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தனர். குருப்பட்டம் பெற்ற பின்னரும் லாஸ் காசாஸ் அம்முறையின் பயனைத் துய்த்தே வாழ்ந்தார்.

1511ஆம் ஆண்டு இறுதியில் சாந்தோ தோமிங்கோ நகரில் மொந்தேசினோஸ் என்னும் டொமினிக்கன் துறவி, எந்த உரிமையால் இம்மக்களை அடிமைகொண்டீர்கள், இவர்கள் மனிதர் அல்லரோ என்று மறையுரையில் வினவினார். கேட்டோர் சினந்தனர். அவ்வுரை இன்று நமக்குத் தெரிவது லாஸ் காசாஸ் எழுதி வைத்த வரலாற்றால்தான். ஆயினும் அக்காலத்தில் அது அவர் வாழ்வை மாற்றவில்லை. பழங்குடியினரை வைத்திருந்தமையால் துறவி ஒருவர் அவருடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்க மறுத்ததும் உண்டு.

அடுத்து, கியூபாவைக் கைப்பற்றச் சென்ற படையுடன் அவர் குருவாகச் சென்றார். காவோனாவோ என்னும் ஊரில் மக்கள் படையினருக்கு மீனும் உணவும் படைத்துவிட்டு, அதுவரை கண்டிராத குதிரைகளை வியந்து நோக்கி அமர்ந்திருந்தனர். திடீரென ஒரு வீரன் வாளை உருவினான், மற்றவரும் பாய்ந்தனர். ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடின்றி அனைவரும் வெட்டுண்டனர். தடுக்க முயன்ற குருவின் சொல் எடுபடவில்லை. இத்தனையும் கண்ட அவரே, அதன்பின் கியூபாவில் தமக்கு அளிக்கப்பட்ட நிலத்தையும் ஆட்களையும் ஏற்றுக்கொண்டார் என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது.

1514இல் மறையுரை ஒன்றிற்காகத் திருநூலைப் புரட்டியவரின் கண்ணில், ஏழையிடம் பறித்ததைக் காணிக்கையாக்குவதைக் கண்டிக்கும் பகுதி பட்டது. பல நாள் சிந்தித்தார். முடிவில், தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பழங்குடியினரை விடுவித்து, அதனை ஆகஸ்டு 15ஆம் நாள் கோயிலில் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய முப்பது. எஞ்சிய ஐம்பது ஆண்டுகளும் இவ்வொரு வழக்கிற்கே செலவாயின.

ஸ்பெயினுக்குச் சென்று அரசரிடம் முறையிட்டார். 1516இல் பழங்குடிகளின் காவலர் என்னும் பதவி பெற்றார். ஆனால், பழங்குடியினரின் சுமையைக் குறைக்க ஆப்பிரிக்க அடிமைகளைத் தருவிக்கலாம் என்றும் அவர் அப்போது பரிந்துரைத்தார். ஒருவர் துயர் துடைக்க வேறொருவர் துயரை விலையாகக் கொடுக்க முனைந்த பரிந்துரை இது. ஆப்பிரிக்கர் பிடிக்கப்பட்ட முறையும் அதே அநீதியே எனப் பின்னாளில் உணர்ந்து வருந்தினார். தம் வரலாற்று நூலில் தம்மைத் தாமே குற்றவாளியாக நிறுத்தினார்.

இடையில் டொமினிக்கன் சபையில் சேர்ந்து துறவியானார். போர் நிலம் எனப்பட்ட குவாத்தமாலாப் பகுதியொன்றில், படைவீரர் எவரும் நுழையலாகாது என ஆளுநரிடம் உடன்பாடு பெற்று, அறிவுரையாலேயே மக்களை அணுகினார். அப்பகுதி பின்னர் மெய்யமைதி எனப் பொருள்படும் வேராபாஸ் என்னும் பெயர் பெற்றது.

1542இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் பிறப்பித்த புதிய சட்டங்கள் பழங்குடியினரை அடிமைப்படுத்துவதைத் தடை செய்தன. என்கொமியெண்டா வாரிசுகளுக்குச் செல்லாது என்றும் விதித்தன. குடியேறிகள் கொதித்தெழுந்தனர். பெருவில் கிளர்ச்சி மூண்டு அரசப் பிரதிநிதியே கொல்லப்பட்டார். வாரிசுரிமைத் தடை 1545இல் திரும்பப் பெறப்பட்டது. அவ்வாண்டே சியாப்பாஸின் ஆயராக வந்து சேர்ந்த லாஸ் காசாஸ், அடிமைகளை விடுவிக்காதவருக்குப் பாவமன்னிப்பு இல்லை என ஆணையிட்டு ஊராரின் கடும்பகையைத் தேடிக்கொண்டார். 1547இல் ஸ்பெயின் திரும்பியவர் மீண்டும் அங்குச் செல்லவில்லை.

1550இல் வல்யதோலித் நகரில் அறிஞர் அவை கூடியது. பழங்குடியினர் இயல்பிலேயே அடிமைகள் என்றும், அவர்கள்மீது போர் தொடுப்பது அறமே என்றும் செபுல்வேதா வாதிட்டார். மறுத்தெழுந்த லாஸ் காசாஸ் தம் இலத்தீன் நூலை ஐந்து நாள்கள் படித்துக் காட்டினார். அவை எத்தீர்ப்பும் வழங்காமல் கலைந்தது.

1552இல் அவர் வெளியிட்ட சிறுநூல், தீவுகளில் நிகழ்ந்த படுகொலைகளை ஐரோப்பாவிற்கு அறிவித்தது. அதிலுள்ள எண்ணிக்கைகள் மிகைப்பட்டவை என ஆய்வாளர் பலர் கருதுவர். ஸ்பெயினின் பகைநாடுகள் அந்நூலை விரும்பி மொழிபெயர்த்துப் பரப்பின. தாமும் அத்தகைய குடியேற்றங்களை அமைக்க முனைந்திருந்ததை அவை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

1566இல் அவர் மாட்ரிட் நகரில் மறைந்தார். நாற்பது ஆண்டுகள் வெளியிடலாகாது என்று கூறி அவர் ஒப்படைத்த பெருவரலாற்று நூல், மூன்று நூற்றாண்டுகள் கழித்து 1875இல்தான் அச்சேறத் தொடங்கியது. கொலம்பஸின் முதற்பயண நாட்குறிப்பின் மூலம் காணாமற்போயிற்று. லாஸ் காசாஸ் தம் கையால் சுருக்கி எழுதி வைத்த படியே இன்று எஞ்சியுள்ளது.