வாய்மையில் நின்ற சிதம்பரனார்

ஒருவர் கொண்ட கருத்துப் பிழையற்றதாக இருத்தல் வேறு. தாம் கொண்ட கருத்துக்கு அவர் உண்மையாக நடத்தல் வேறு. முன்னது அறிவைப் பற்றியது. பின்னது ஒழுக்கத்தைப் பற்றியது. கற்றறிந்த பெரியோரும் சில வேளைகளில் தவறாக எண்ணுதல் கூடும். ஆனால், உள்ளத்தில் ஒன்றும் வெளியில் ஒன்றுமாக வாழாதிருத்தல் எல்லார்க்கும் உரிய கடமையாகும். இவ்வேறுபாட்டைத் தம் வாழ்க்கையால் விளங்கச் செய்தவர் வ. உ. சிதம்பரனார்.

சிதம்பரனார் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையிலுள்ள ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். வழக்கறிஞர் தொழிலில் புகழ் பெற்றார். கடல் வாணிகம் ஆங்கிலேயர் கையில் சிக்கியிருப்பதைக் கண்டு மனம் நொந்து, 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல்கள் ஓடலாயின. ஆங்கில நிறுவனத்தார் கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டும் அவர் தளர்ந்தாரல்லர். 1908இல் அவர்மீது அரச நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டது. ஆயுட்காலத் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது. மேல் முறையீட்டில் அது குறைக்கப்பட்டது.

அவர் அடைக்கப்பட்ட இடம் கோயமுத்தூர்ச் சிறைச்சாலை. அங்கே மாடு இழுக்க வேண்டிய செக்கை அம்மாமனிதர் இழுத்தார். கடுங்காவல் கைதிக்கு வேலை தருவது சட்டத்துக்கு ஒத்ததே என்று அதிகாரிகள் கூறியிருக்கலாம். ஆயினும், சட்டத்துக்கு ஒத்தன யாவும் அறத்துக்கு ஒத்தன ஆகா. 1910இல் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்ட அவர், அங்கிருந்தபோது ‘மெய்யறம்’ என்னும் நீதிநூலை இயற்றினார்.

1912ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அவர் விடுதலை பெற்றபோது கப்பல் நிறுவனம் கலைந்துபோயிருந்தது; வழக்கறிஞர் உரிமையும் பறிக்கப்பட்டிருந்தது. செல்வராய் விளங்கிய குடும்பத்தை வறுமை வாட்டியது. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியர் அவருக்கெனத் திரட்டிய பொருள் காந்தியடிகளிடம் இருந்தது. சிதம்பரனார் தம் நிலையை மறைத்துப் போலிப் பெருமை பேசினாரல்லர். அப்பொருளை ஏற்க இசைந்து கடிதம் எழுதினார். 1916இல் 347 ரூபாய் 12 அணா அவரை வந்தடைந்தது.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1920இல் காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கினார். நாடே அவர் பின் திரண்டது. வழக்கறிஞர் பலர் நீதிமன்றங்களைத் துறந்தனர். திலகரைத் தலைவராகக் கொண்டிருந்த சிதம்பரனாருக்கு அம்முறையில் நம்பிக்கை பிறக்கவில்லை. அவர் வாய் திறவாதிருந்தால் போதும். செக்கிழுத்த தியாகி என்று நாடெங்கும் மாலை சூட்டியிருப்பர். அவ்வாறிருக்க அவர் மனம் ஒப்பவில்லை. தம் கருத்து வேற்றுமையை மறையாமல் காங்கிரசினின்று விலகினார். பெற்ற உதவிக்காகத் தம் கருத்தை அவர் விலை பேசவில்லை.

அவ்வாண்டுகளில் அவர் கோயமுத்தூரில் குடியேறி, வங்கி ஒன்றில் பணியாற்றினார். முன்பு கைதியாகச் செக்கிழுத்த ஊரிலேயே குடும்பத்தோடு வாழ நேர்ந்தது. வருவாய் போதவில்லை. ஆதலின், பறிக்கப்பட்ட வழக்கறிஞர் உரிமையைத் திரும்பத் தருமாறு விண்ணப்பித்தார். நீதிமன்றத்தைத் துறத்தலே தேசப்பற்று என்று பலர் கருதிய காலம் அது. ஆனால், ஒத்துழையாமையை வாயால் போற்றிவிட்டு மறைவில் அவர் உரிமை வேண்டவில்லை. தாம் ஏற்காத நெறியை ஏற்றவர்போல் நடிக்கவுமில்லை. வாலேசு என்னும் ஆங்கில நீதிபதி அவ்வுரிமையை வழங்கினார். ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்ற சிதம்பரனார், அந்நன்றியை மறவாது தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆட்சியின்மீது கொண்ட பகை, நல்லது செய்த ஒருவரை நல்லவர் என்று கூறுவதைத் தடுக்கவில்லை.

1927இல் அவர் மீண்டும் காங்கிரசில் சேர்ந்து, கொங்கு நாட்டின் மற்றொரு பெருநகரமாகிய சேலத்தில் நடந்த அரசியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் உயிர் நீத்தார். அவர் இழுத்த செக்குச் சென்னைக் காந்தி மண்டபத்தில் வைக்கப்பட்டுள்ளது. கோயமுத்தூரில் உள்ள பூங்கா ஒன்று அவர் பெயர் தாங்கி நிற்கின்றது.

ஒத்துழையாமை மக்களை எழுப்பிய பேரியக்கம். அதனை ஏற்காத சிதம்பரனாரின் கணிப்புத் தவறு என்று கூறுவாரும் உளர். அவ்வழக்கு எவ்வாறு முடியினும் அவர் பெருமை குன்றாது. அவர் தவறியிருக்கலாம், பொய்த்தாரல்லர். பிழையைக் காலம் திருத்திவிடும். தன் நெஞ்சுக்குப் பொய்த்தவனைத் திருத்த அவன் நெஞ்சையன்றி வேறு துணையில்லை.