ஓரியூர் அருளானந்தர்

பொன்னின் மாற்றை உரைகல் உணர்த்தும். கலத்தின் உறுதியைக் கடற்புயல் உணர்த்தும். அவ்வாறே ஒருவர் இறைவன்மீது கொண்ட பற்றின் உறுதியை அவர்க்கு நேரும் இடுக்கண் உணர்த்தும். நலமும் வளமும் சூழ்ந்திருக்கும் நாளில் கடவுளை வாழ்த்துதல் எவர்க்கும் எளிது. துன்பம் நீங்காது என்று தெரிந்த பின்னரும் மனந்தளராமல், பிறரை வெறாமல், மேற்கொண்ட கடமையினின்றும் வழுவாமல் நிற்றல் மிகச் சிலர்க்கே இயலும். அச்சிலருள் ஒருவர், சேது நாட்டு மணலில் தம் உயிரை ஈந்த அருளானந்தர்.

அருளானந்தரின் இயற்பெயர் ஜான் டி பிரிட்டோ என்பது. இவர் போர்ச்சுகல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பனில் 1647ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள் உயர்குடியில் பிறந்தார். இவருடைய தந்தையார், அந்நாளில் போர்ச்சுகலின் ஆட்சிக்குட்பட்டிருந்த பிரேசில் நாட்டில் ரியோ டி ஜெனிரோ பகுதிக்கு ஆளுநராகச் சென்று, அங்கேயே காலமானார். ஆதலின் ஜான் தாயாரின் அரவணைப்பிலேயே வளர்ந்தார். சிறுவயதிலேயே அரண்மனைக்கு அழைக்கப்பெற்று, இளவரசர் பேதுருவின் தோழர்களுள் ஒருவரானார். செல்வமும் பதவியும் அவரை எதிர்நோக்கிக் காத்திருந்தன.

அரண்மனையில் வாழுங்கால் ஜான் கொடிய நோய்வாய்ப்பட்டார். மருத்துவர் கைவிட்ட நிலையில், அன்னையார், முத்துக்குளித்துறையில் சமயப்பணி புரிந்த பிரான்சிஸ் சவேரியாரை நினைந்து நேர்ந்துகொண்டார். மைந்தன் பிழைத்தால், ஓராண்டுக் காலம் இயேசு சபைத் துறவியரின் அங்கியை அவனுக்கு அணிவிப்பதாக உறுதி பூண்டார். ஜான் நலம் பெற்றார், நேர்த்திக்கடனும் நிறைவேறிற்று. ஓராண்டு கழிந்ததும் அங்கி களையப்பட்டது. ஆயினும் துறவுள்ளம் அவரை விட்டு நீங்கவில்லை. 1662ஆம் ஆண்டு, பதினைந்தாம் வயதில், அவர் இயேசு சபையில் சேர்ந்தார்.

கல்வி முற்றியதும், இந்தியாவிற்குச் சென்று பணியாற்ற வேண்டும் என்பதே அவருடைய பெருவிருப்பமாயிற்று. அன்னையார் அது கேட்டுக் கலங்கினார். கணவரைக் கடல்கடந்த நாட்டில் இழந்தவர் அவர். மகனையும் கடலுக்கு அப்பால் அனுப்ப அவர் மனம் இசையுமோ? பெரியோர்களை அணுகி, மகனின் பயணத்தைத் தடுக்கப் பெரிதும் முயன்றார். ஜான் தாயாரிடம் ஆழ்ந்த அன்புடையவர். எனினும், இறைவன் தமக்கு இட்ட பணி இதுவே என்று தெளிந்து, 1673ஆம் ஆண்டு கப்பலேறினார். ஏறக்குறைய ஆறு திங்கள் கடலில் செலவிட்டுக் கோவாவை அடைந்தார். மறு ஆண்டில் தமிழகம் வந்து, மதுரை மறைபரப்புப் பணியில் சேர்ந்தார்.

1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த தத்துவபோதகர், தமிழ் மக்களின் மொழியையும் நடையுடைகளையும் மேற்கொண்டாலன்றி அவர்தம் உள்ளத்தை அணுக முடியாது என்று உணர்த்தியிருந்தார். அவ்வழியையே ஜானும் பின்பற்றினார். அருளானந்தர் என்று தமிழ்ப்பெயர் பூண்டார், தமிழைக் கற்றார், காவியுடையும் தலைப்பாகையும் அணிந்து, கையில் கோலேந்திப் பண்டாரசாமிகளின் கோலத்தில் ஊர்தோறும் நடந்தார். புலாலை நீத்தார், சோறும் பருப்பும் கீரையும் அவருக்கு உணவாயின, தரையில் விரித்த பாயே படுக்கையாயிற்று. அரண்மனையில் வளர்ந்த மேனி கோடை வெயிலுக்கும் நெடுவழிக்கும் பழகிற்று. அந்நாளில் மராட்டியர் தஞ்சையைக் கைப்பற்றினர். நாடெங்கும் போரும் குழப்பமும் மிகுந்திருந்தன. அவற்றினிடையே அவர் எளியோரை நாடிச் சென்று, அவர்தம் இன்பதுன்பங்களில் கலந்து பணி புரிந்தார்.

1686ஆம் ஆண்டு அருளானந்தர் மறவர் சீமைக்குள் நுழைந்தார். இராமேசுவரத் திருக்கோயிலையும் சேதுவையும் காக்கும் பொறுப்புடைய சேதுபதி மன்னர்கள் ஆண்ட நாடு அது. அப்போது அரியணையில் இருந்தவர் இரகுநாத கிழவன் சேதுபதி; ஆற்றல் மிக்கவர்; இராமநாதபுரத்தைத் தலைநகராக்கிக் கோட்டையை வலுப்படுத்தியவர். அருளானந்தரின் போதனையைக் கேட்டுப் பலர் அவரைப் பின்பற்றத் தொடங்கவே, மன்னரின் அதிகாரி ஒருவர் அவரையும் அவர்தம் உபதேசியார்களையும் சிறைப்படுத்தினார். அவர்களை அடித்தனர், கயிற்றால் பிணித்து நீரில் அமிழ்த்தினர், கொதிக்கும் பாறையில் வெயிலில் கிடத்தினர். கொண்ட சமயத்தைக் கைவிடுவதாக ஒரு சொல் கூறின் அத்தனையும் நின்றுவிடும். அச்சொல்லை அவர்களுள் எவரும் கூறவில்லை. பின்னர் மன்னர் அருளானந்தரை இராமநாதபுரத்திற்கு வரவழைத்து, அவர் கூறியவற்றைப் பொறுமையுடன் கேட்டார். கேட்டபின் அவரை விடுவித்து, இனித் தம் நாட்டில் போதித்தல் ஆகாது என்று ஆணையிட்டார்.

அதன்பின் சபையின் அலுவல் கருதி அருளானந்தர் போர்ச்சுகலுக்கு அனுப்பப்பட்டார். 1688ஆம் ஆண்டு லிஸ்பன் நகரை அடைந்தபோது, அவருடைய இளமைத் தோழராகிய பேதுரு அந்நாட்டின் அரசராய் விளங்கினார். அரசர் அவரைத் தம்முடனேயே இருத்திக்கொள்ள விரும்பினார். முதுமையுற்ற அன்னையாரும் அங்கே இருந்தார். பட்ட துன்பங்களைக் காட்டித் தாய்நாட்டில் அமைதியாய் வாழ்ந்திருந்தால், அவரை எவரும் குறைகூறியிருக்க மாட்டார். ஆனால் அருளானந்தரின் எண்ணமெல்லாம், மறவர் சீமையில் தம் சொல்லை நம்பித் துன்பத்தை ஏற்ற எளிய மக்களையே சுற்றிநின்றது. அவர்களைத் துன்பத்தில் நிறுத்திவிட்டுத் தாம் மட்டும் நலமாய் வாழ அவர் ஒருப்படவில்லை. 1690ஆம் ஆண்டு மீண்டும் இந்தியாவை அடைந்தார். மன்னரின் தடை நீங்கவில்லை என்பதும், தமக்கு நேரக்கூடியது யாது என்பதும் அவர் நன்கறிந்தவை. அறிந்தே மறவர் சீமைக்குத் திரும்பினார்.

அங்கே சிறுவல்லித் தலைவராகிய தடியத்தேவர் என்பவர் கடும்பிணியால் வருந்தினார். உபதேசியார் ஒருவர் வந்து நற்செய்தி நூலை வாசித்து வேண்டுதல் செய்தபின் அவர் நலம் பெற்றார். அதனால் ஞானஸ்நானம் பெற விரும்பினார். அத்தகைய பெருந்தலைவர் ஒருவர் தம் பக்கம் சேர்தல் அருளானந்தருக்குப் பெரும் வலிமையன்றோ? ஆயினும் அவர் விரைந்து இசைந்துவிடவில்லை. தேவருக்கு மனைவியர் பலர் இருந்தனர். ஒருத்தியுடன் மட்டுமே இல்லறம் நடத்தல் வேண்டும் என்னும் நெறியை அவர் ஒளிக்காமல் எடுத்துரைத்தார். செல்வாக்குடையவர் என்பதற்காக நெறியைத் தளர்த்த அவர் உடன்படவில்லை. தேவர் அதற்கு இசைந்து, மற்ற மனைவியரை உடன்பிறந்தாராகக் கருதிக் காப்பதாக உறுதி கூறினார். 1693ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6ஆம் நாள் ஞானஸ்நானமும் பெற்றார்.

விலக்கப்பட்டவருள் இளையவராகிய கடலாயி, சேதுபதிக்கு உறவினர். தாம் செய்யாத குற்றத்திற்காகத் தம் நிலையை இழந்த அப்பெண்மணியின் துயரம் பெரிது. அவர் மன்னரிடம் சென்று முறையிட்டார். தம் குடும்பத்திற்கு நேர்ந்த இழுக்கும், தம் ஆணை மீறப்பட்டமையும், செல்வாக்கு மிக்க தேவர் ஒருவரைச் சூழ்ந்து மக்கள் திரள்வதும் மன்னரின் சினத்தை வளர்த்தன. சனவரி 8ஆம் நாள் அருளானந்தர் பிடிக்கப்பட்டு, இராமநாதபுரத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே அவரைக் கொல்லின் கலகம் விளையும் என்று அஞ்சிய மன்னர், நாடுகடத்துவதாக வெளியே அறிவித்து, மறைவாகத் தம் உடன்பிறந்தார் ஆண்ட ஓரியூருக்கு அனுப்பிக் கொல்லுமாறு பணித்தார்.

ஓரியூர்ச் சிறையில் அருளானந்தர் தம் இறுதி நாட்களைக் கழித்தார். எழுதுமை கிடைக்கவில்லை, கரியை நீரில் குழைத்து, துரும்பைக் கோலாகக் கொண்டு, பெப்ரவரி 3ஆம் நாள் உடன் துறவியர்க்கு மடல் எழுதினார். அதில் தம்மைச் சிறைப்படுத்தியோர்மீது கசப்பு இல்லை. விடுதலைக்கு வழி தேடும் வேண்டுகோளும் இல்லை. மகிழ்வுடன் இறப்பை எதிர்நோக்கும் உள்ளமே அதில் வெளிப்பட்டது. மறுநாள், 1693ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் நாள், பாம்பாற்றங்கரை மணல்மேட்டிற்கு அவரை அழைத்துச் சென்றனர். மண்டியிட்டு இறைவனை வேண்டியபின், தாம் ஆயத்தமாயிருப்பதாகக் கொலைஞனுக்கு அமைதியாக உணர்த்தினார். வாள் வீசப்பட்டது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து.

மகன் மாண்ட செய்தி பல திங்கள் கழிந்தே லிஸ்பனை எட்டியது. முன்னர் மகனின் பயணத்தைத் தடுக்க முயன்ற அந்த அன்னை, துக்கவுடை உடுத்தாமல் விழாக்கோலத்துடன் அரசவைக்கு வந்தார் என்பது வரலாறு. பிள்ளையின் உயிரைக் காக்குமாறு ஒருநாள் வேண்டியவர், இறைவன் கையில் அவ்வுயிரை மனமுவந்து ஒப்படைக்கும் நிலையை எய்தினார். மகனின் உறுதிக்கு இது சிறிதும் குறைந்ததன்று.

திருச்சபை 1853ஆம் ஆண்டு அருளானந்தருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்னும் பட்டத்தையும், 1947ஆம் ஆண்டு புனிதர் பட்டத்தையும் வழங்கியது. இராமநாதபுரம் மாவட்டம் திருவாடானை வட்டத்திலுள்ள ஓரியூர் இன்று திருத்தலமாய் விளங்குகிறது. அங்குள்ள செம்மணலை மக்கள் அவர் குருதி தோய்ந்த மண்ணென்று போற்றுகின்றனர். கிறித்தவரேயன்றிப் பிற சமயத்தாரும் அங்கு வந்து வழிபடுகின்றனர்.

சிறுவயதில் நோயினின்று பிழைத்த அருளானந்தர், ஓரியூரில் வாளினின்று பிழைக்கவில்லை. முன்னதில் இறைவன் அருகிருந்தான், பின்னதில் கைவிட்டான் என்று அவர் கருதினாரல்லர். வாழ்வையும் சாவையும் ஒருங்கே அவன் கையில் வைத்து, தம் கடமையை மட்டும் தம் கையில் வைத்துக்கொண்டார். இடர் நேருங்கால் கடமையைக் கைவிடாமையும், இடர் செய்தாரை வெறாமையும், தம்மை நம்பினாரைப் பிரியாமையும் மெய்யான இறைப்பற்றின் அடையாளங்கள். எச்சமயத்தைச் சார்ந்தவராயினும், அருளானந்தரின் வாழ்வினின்று மாணவர் கற்றுக்கொள்ளத் தக்கவை இவையே.