கம்மந்தான் கான் சாகிபு

மாமல்லபுரத்துக்கு மேற்கே, பாலாற்றுக்கு வடபால், செங்கற்பட்டுக் கோட்டை உளது. கொளவாய் ஏரி அதற்கு ஒருபுறம் அரணாய் விளங்குகின்றது. இக்கோட்டையைச் சார்ந்து நின்று பொருது, சென்னையைக் காக்கத் துணைபுரிந்த தென்னாட்டு வீரர் கம்மந்தான் கான் சாகிபு ஆவார்.

அவர் இராமநாதபுரச் சீமைப் பனையூரில் பிறந்தவர் என்பர். மருதநாயகம் என்னும் பெயரினராய் இருந்து, இசுலாம் நெறியைத் தழுவி முகம்மது யூசுபுகான் ஆனார் என்றும் கூறுவர். ஆங்கிலக் கம்பெனியின் படையில் அவர் கிளைவின்கீழ்ப் பணிபுரிந்தார்.

அக்காலத்துப் பாளையக்காரர் படைகளில் வாளும் வேலும் திரியிட்டுச் சுடும் துப்பாக்கியும் மிகுதி. மழை பெய்யின் திரி அணையும்; இரவிலோ அதன் கனலே வீரன் நிற்கும் இடத்தைப் பகைவர்க்குக் காட்டிவிடும். கம்பெனிச் சிப்பாய்கள் சக்கிமுக்கிக் கல் பொருத்திய துப்பாக்கியை ஏந்தினர். விசையை இழுத்தவுடன் கல் எஃகில் மோதும், பொறி பறக்கும், மருந்து பற்றும், குண்டு பாயும். ஆயினும், ஒருமுறை சுட்டபின் மீண்டும் மருந்தும் குண்டும் இட்டு இடித்தல் வேண்டும். அந்த இடைப்பொழுதில் அஞ்சி ஓடாது அணியில் நிற்கும் கட்டுப்பாடே வெற்றியைத் தருவது. அதனைத் தாம் கற்றுப் பிறர்க்கும் கற்பித்தமையால் கான் சாகிபு சிப்பாய்ப் படைத்தலைவராக உயர்ந்தார். கம்பெனியார் அவருக்குப் பொற்பதக்கம் அளித்தனர்.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். கான் சாகிபு, செங்கற்பட்டைக் காத்துவந்த பிரெஸ்டனுடன் சேர்ந்து, பிரெஞ்சுப் படையைப் புறத்தே நின்று தாக்கினார். அதற்கு உணவு வரும் வழிகளை மறித்தார். பரங்கிமலையில் கடும்போர் நிகழ்ந்தது. 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வந்தடையவே, லாலி முற்றுகையை விட்டு நீங்கினார்.

பின்னர் மதுரையின் ஆட்சிப் பொறுப்பு கான் சாகிபுக்குக் கிடைத்தது. அவர் 1761இல் பூலித்தேவரின் நெற்கட்டும்செவலைக் கைப்பற்றினார்; ஏரிகளையும் கால்வாய்களையும் செப்பனிட்டார். ஆனால், ஆர்க்காட்டு நவாபு அவரைத் தமக்கு அடங்கியவராக ஆக்க விழைந்தார். கம்பெனியாரும் நவாபின் பக்கமே நின்றனர். மானம் பெரிதெனக் கருதிய கான் சாகிபு 1763இல் தனியாட்சி நிறுவினார். தாம் பாடுபட்டு வளர்த்த கம்பெனிப் படையே தம்மேல் வரக் கண்டார். முன்னாட் பகைவராகிய பிரெஞ்சு வீரர் சிலர் அவர் பக்கம் இருந்தனர்.

முதல் முற்றுகை பயனின்றி முடிந்தது. இரண்டாம் முற்றுகையில் கோட்டையுள் உணவு அருகியது. அப்போதும் மதுரையை வீழ்த்தியது பீரங்கி அன்று. உடனிருந்தோரே அவரைப் பிணித்துப் பகைவரிடம் ஒப்புவித்தனர். 1764 அக்டோபர் 15ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். மதுரைச் சம்மட்டிபுரத்தில் அவரது அடக்கத்தலம் உளது.

துப்பாக்கி ஏந்துவோர் எவர்க்கும் பணிசெய்யும். அதற்கு நன்றியும் இல்லை, பகையும் இல்லை. உடன் நிற்போரின் உண்மையே தலைவர்க்கு மெய்யான அரண் என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.