மெலிந்தவர் கண்ட பலம்

பெரிய பையன்களிடம் அடி வாங்கிக் கண்ணீரோடு வீடு திரும்பும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அப்பிள்ளைக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்க ஏற்ற வாழ்க்கை ஒன்றுண்டு. அது யூடோக் கலையின் தந்தை ஜிகோரோ கானோவின் வாழ்க்கை.

1860ஆம் ஆண்டில், யப்பானின் கோபே நகருக்கு அண்மையில் அவர் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். டோக்கியோவில் விடுதிப் பள்ளியில் சேர்ந்தபோது படிப்பில் கெட்டிக்காரர், உடம்பிலோ நோஞ்சான். உடன் மாணவர் அவரை ஓயாது துன்புறுத்தினர். வளர்ந்த பின்பும் அவரது உயரம் ஏறக்குறைய 5 அடி 2 அங்குலமே.

மெலிந்தவனும் பலசாலியை வீழ்த்தலாம் என்று சொல்லப்பட்ட ஜூஜுட்சுக் கலையை 1877இல் பயிலத் தொடங்கினார். அங்கே பருத்த மாணவர் ஒருவரை எவ்வளவு முயன்றும் அவரால் வீழ்த்த முடியவில்லை. சோர்ந்துவிட்டாரா? இல்லை. மேனாட்டு மல்யுத்த நூல்களைத் தேடிப் படித்தார். அங்கு கண்ட பிடியொன்றைப் பழகி, அம்மனிதரைத் தோளில் தூக்கி வீசினார்.

1882இல் டோக்கியோவின் பௌத்த ஆலயமொன்றில், 12 பாய்கள் விரித்த இடத்தில் கோடோக்கான் என்னும் யூடோப் பள்ளியை ஆரம்பித்தார். அவர் கற்பித்த நுட்பத்தைக் கேளுங்கள். எதிரியின் பலம் 10, உங்கள் பலம் 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் தள்ளும்போது நீங்களும் எதிர்த்துத் தள்ளினால் தோல்வி உங்களுக்கே. சற்று விட்டுக்கொடுத்து விலகினால் அவர் நிலைகுலைந்து முன்னே சாய்வார். அக்கணத்தில் அவருடைய 10 வெறும் 3 ஆகிவிடும். உங்கள் 7 குறையாது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி அதிபராகவும், 1909 முதல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் முதல் ஆசிய உறுப்பினராகவும் பணியாற்றிய கானோ, 1938இல் கப்பற் பயணத்தின்போது காலமானார்.

அப்படியானால் உருவமும் பலமும் பொருட்டல்லவா? அவ்வாறு சொல்வதும் பிழை. 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில், எடை வரம்பில்லாத பிரிவில் 6 அடி 6 அங்குல உயரமான ஒல்லாந்தர் அன்ரன் கீசிங், யப்பானிய வீரரைத் தோற்கடித்தார். கீசிங்கும் பல்லாண்டுகள் யூடோவைக் கற்றவர்தான். கலை இருவரிடமும் உள்ளபோது பெரிய உடம்பு உதவவே செய்யும். எடைப் பிரிவுகள் இருப்பதும் அதனாலேயே.

வெற்றி கண்ட ஒல்லாந்தர் சிலர் ஆரவாரத்தோடு மேடைக்கு ஓடி வந்தனர். தோற்றவருக்கு மதிப்பளித்து, கையை உயர்த்தி அவர்களைத் தடுத்து நிறுத்தினார் கீசிங். கானோ கற்பித்ததில் இதுவும் ஒரு பாடமே. உங்கள் பிள்ளைக்கு இதையும் சேர்த்தே சொல்லுங்கள்.