சாதிப்பெயர் இல்லாத புனிதர்



ஒவ்வோர் ஆண்டும் பொங்கலையொட்டி, ஜனவரி 14ஆம் நாள், ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்கு மக்கள் திரளாக வருகிறார்கள். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையில் தோவாளையைத் தாண்டியதும் மலைகள் நெருங்கி வரும். காற்றின் வேகம் கூடும். அந்தக் கணவாய்ப் பகுதியில்தான் 1752ஆம் ஆண்டு அதே நாளில் மறைசாட்சி தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்டார். எருமை, எருக்கம்பூ மாலை, மிளகாய்ப்பொடி என்று சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் கேட்டவை எல்லாம் நம் நினைவில் நிற்கின்றன. ஆனால் அவர்மேல் ஏன் அவ்வளவு கோபம் மூண்டது என்று நாம் அதிகம் கேட்பதில்லை. வேதத்தில் சேர்ந்தார், அதனால் கொன்றார்கள் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தப் பதில் தவறல்ல. ஆனால் அது பாதிப் பதில்தான்.

ஏனெனில், அன்றைய திருவிதாங்கூரில் கிறிஸ்தவர்கள் புதியவர்கள் அல்லர். தேவசகாயம் பிறப்பதற்கு ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்பே, 1544இல், புனித சவேரியார் இந்தக் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் முக்குவர்களுக்குத் திருமுழுக்கு அளித்திருந்தார். மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்குப் பயிற்சி அளித்த டிலனாய் ஒரு கத்தோலிக்கர். டச்சுக் கம்பெனியின் படைத்தலைவராக 1741இல் குளச்சல் போரில் தோற்றுக் கைதானவர். அவரை மன்னர் கொல்லவில்லை. உதயகிரிக் கோட்டையை ஒப்படைத்துத் தம் பெரிய தளபதியாக்கினார். டிலனாய் ஜெபமாலை சொன்னதால் அரசுக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை. 1777இல் இறந்த அவரை அந்தக் கோட்டைக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். அவர் கல்லறை இன்றும் அங்கே இருக்கிறது.

அப்படியானால் டிலனாய்க்குக் குற்றமில்லாதது நீலகண்டனுக்கு ஏன் குற்றமாயிற்று?

நீலகண்ட பிள்ளை 1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் நட்டாலத்தில் பிறந்தார். தந்தை வாசுதேவன் நம்பூதிரி, தாய் தேவகி அம்மா. தந்தை பிராமணர், தாய் நாயர். அக்கால மருமக்கள்தாய முறைப்படி பிள்ளை தாயின் குலத்தையே சேரும். நம்பூதிரித் தந்தை, நாயர் மனைவியிடம் பிறந்த தம் பிள்ளையோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ணும் வழக்கமும் இல்லை. சாதி என்பது நீலகண்டனுக்குத் தெருவில் கற்றுக்கொண்ட பாடமாக இருந்திருக்காது. வீட்டுக்குள்ளேயே இலை போடும் இடத்தில் அது இருந்தது.

அவர் வளர்ந்து பத்மநாபபுரம் நீலகண்டசுவாமி கோவிலிலும் அரண்மனையிலும் அலுவல் பெற்றார். பார்கவி என்ற பெண்ணை மணந்தார். உதயகிரிக் கோட்டை வேலைகளின் பொறுப்பில் இருந்தபோது டிலனாயுடன் பழக்கம் ஏற்பட்டது. வீட்டில் கால்நடைகள் மாண்டு, பயிர் அழிந்து, மனம் நொந்திருந்த காலம் அது. டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத அந்த மனிதரின் கதை, நீலகண்டனைப் பிடித்துக்கொண்டது.

திருவிதாங்கூருக்குள் ஒரு நாயர் அதிகாரிக்குத் திருமுழுக்கு அளிப்பது ஆபத்தானது. எனவே டிலனாய் அவரை எல்லைக்கு அப்பால், நெல்லைச் சீமையிலுள்ள வடக்கன்குளத்துக்கு அனுப்பினார். பரஞ்சோதிநாதர் என்று மக்கள் அழைத்த இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளார், 1745 மே 14ஆம் நாள் அவருக்குத் திருமுழுக்கு அளித்து லாசர் என்று பெயரிட்டார். கடவுளின் உதவி என்ற பொருளுடைய அந்த எபிரேயப் பெயரே தமிழில் தேவசகாயம் ஆயிற்று. பின்னர் அவர் மனைவியும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார்.

இங்கே சற்று நின்று யோசிப்போம். அந்நாளில் இப்பகுதியில் கிறிஸ்தவர்களாக இருந்தவர்கள் யார்? பெரும்பாலும் கடற்கரை முக்குவரும் பரதவரும், உள்நாட்டில் நாடார்களும். 19ஆம் நூற்றாண்டில் இங்கு பணியாற்றிய சீர்திருத்த சபை மிஷனரிகள் ஒரு கணக்கை எழுதி வைத்திருக்கிறார்கள். நம்பூதிரியிடமிருந்து நாடார் 36 அடி தள்ளி நிற்க வேண்டும், புலையர் 96 அடி தள்ளி நிற்க வேண்டும், நாயரிடமிருந்துகூட நாடார் 12 அடி தள்ளித்தான் நிற்க வேண்டும். (காலடிகளைத்தான் எண்ணியிருக்கிறார்கள்.) நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நிலை இதுவென்றால், 1745இல் எப்படி இருந்திருக்கும் என்று நாமே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படிப்பட்ட நாட்டில் அரண்மனை அதிகாரியான ஒரு நாயர், அந்த மக்களோடு ஒரே இடத்தில் முழந்தாளிட்டு ஜெபித்தார். அவர்களோடு கலந்து பழகினார். கடவுள் முன்னிலையில் மனிதர்க்குள் ஏற்றத்தாழ்வு இல்லை என்பதை வெளிப்படையாகப் போதித்தார். திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியபோது வெளியிட்ட வாழ்க்கைக் குறிப்பும் இதைத் தெளிவாகச் சொல்கிறது. சாதி வேறுபாடு பாராமல் எல்லாரும் சமம் என்று அவர் வற்புறுத்தியதே மேல்வகுப்பினரின் பகையை மூட்டியது.

சீர்திருத்தக்காரர் என்றால் சங்கம் அமைப்பவர், மாநாடு கூட்டுபவர், மனு எழுதுபவர் என்றுதான் நாம் நினைக்கிறோம். தேவசகாயம் அவற்றில் எதையும் செய்யவில்லை. உயர்ந்த இடத்தில் இருந்த ஒருவர் தாமாகக் கீழே இறங்கி வந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான். கீழே உள்ளவர் மேலே வரக் கேட்டால் அடக்கிவிடலாம். மேலே உள்ளவர் இறங்கி வந்து, இங்கே எனக்கு ஒரு குறையும் நேரவில்லை என்று காட்டினால், அந்த ஏற்பாடு முழுவதற்குமே ஆதாரம் ஆட்டம் கண்டுவிடுகிறது. மேலும் அந்நாட்டில் அரசும் கோவிலும் வேறு வேறு அல்ல. 1750இல், தேவசகாயம் விலங்கில் கிடந்தபோதே, மார்த்தாண்ட வர்மா தம் நாடு முழுவதையும் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்து, தாம் அவருடைய தாசனாக ஆளத் தொடங்கினார். அத்தகைய நாட்டில் சாதி ஒழுங்கை மீறியவனைத் துரோகி என்று சொல்வது எளிது. அவர்மேல் சாட்டப்பட்ட குற்றங்களில் அரச துரோகமும் ஒன்று.

1749 பிப்ரவரி 23ஆம் நாள் அவர் கைதானார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். உடலில் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, எருக்கம்பூ மாலை சூட்டி, எருமைமேல் பின்புறமாக ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடித்த புண்களில் மிளகாய்ப்பொடி தடவினார்கள். பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டி வைத்தார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் அவர் பாறையில் மோதியபோது நீர் சுரந்தது என்பது மக்கள் மரபு. முட்டிடிச்சான் பாறை என்று அதை இன்றும் காட்டுகிறார்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் எருமை ஊர்வலமும் எருக்கமாலையும் உயிரை எடுப்பதற்காக அல்ல, மானத்தை எடுப்பதற்காகச் செய்யப்பட்டவை. உயர்குலத்தான் ஒருவனை எல்லாச் சாதியாரும் பார்க்கத் தாழ்த்துவதுதான் நோக்கம். ஆனால் தாமாகவே இறங்கி வந்தவரை இனி எங்கே தாழ்த்துவது? அந்தத் தண்டனை பலிக்கவில்லை. அவரைப் பார்க்க மக்கள் கூடத் தொடங்கினார்கள். அதன் பிறகுதான் ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுவந்து, காற்றாடிமலையில் சுட்டார்கள். அப்போது அவருக்கு வயது 39.

காட்டில் எறியப்பட்ட உடலின் எச்சங்களை மக்கள் தேடி எடுத்துக் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் பீடத்துக்கு முன் அடக்கம் செய்தனர். 1780இல் கரியாட்டில் யோசேப்பு மல்பான் அவரை உயர்த்தும்படி உரோமைக்கு விண்ணப்பம் அளித்தார். 2012 டிசம்பர் 2ஆம் நாள் நாகர்கோவிலில் அவர் அருளாளரானார். 2022 மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். திருமணமான ஒரு பொதுநிலையினர் இந்திய மண்ணிலிருந்து புனிதரானது அதுவே முதல் முறை. அந்த அறிவிப்பில் அவர் பெயரோடு பிள்ளை என்ற சாதிப்பெயர் இல்லை. அதற்கு முன்பு திருச்சபை ஆவணங்களிலேயே அது இருந்தது. சாதியை விட்டதற்காக உயிர் கொடுத்தவருக்குச் சாதிப்பெயர் எதற்கு என்று கேள்வி எழுந்தது, நீக்கப்பட்டது. நியாயமான முடிவு என்றே நான் கருதுகிறேன். ஆனால் பழக்கம் நம்மை விடுவதில்லை. என் பங்கிலேயே நவநாள் அறிவிப்பு எழுதிக் கொடுப்பவர்கள் பாதி முறை பிள்ளை சேர்த்துத்தான் எழுதுகிறார்கள். நான் அடித்துவிட்டு வாசிக்கிறேன்.

பெயரை அடிப்பது எளிது. அவர் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளத்தின் பிற்கால வரலாற்றையும் நாம் மறைக்கக் கூடாது. 19ஆம் நூற்றாண்டில் அதே ஊரில் எழுந்த ஆலயத்தில் வெள்ளாளருக்கு ஒரு பகுதி, நாடாருக்கு ஒரு பகுதி என்று நடுவே சுவர் இருந்தது. பீடம் ஒன்று, சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம். கட்டியவர்கள் நம் சபையார்தான். திருவிதாங்கூர் அரசன் அல்லன். தேவசகாயம் கடந்து வந்த கோட்டை நாமே ஆலயத்துக்குள் செங்கல் வைத்துக் கட்டினோம். 1910இல் கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை இடிக்கச் செய்தார். உடனே வழக்கு. அது சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. ஆலயத்தில் சாதிப்படி தனி இடம் கேட்கும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. மறைமாவட்டமே வென்றது.

இதைப் பழங்கதை என்று சொல்லிவிட எனக்குத் துணிவில்லை. திருமண ஓலை வாசிக்கும் நாளில் அல்ல, அதற்கு ஆறு மாதம் முன்பே பெற்றோர் பங்குத்தந்தையின் அறைக்கு வருகிறார்கள். பையன் பூசைக்கு ஒழுங்காக வருவானா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி என்ன என்று உங்களுக்கே தெரியும். கல்லறைத் தோட்டத்தில் இடம், தேர் திரும்பும் தெரு, கொடியேற்றும் முறை என்று தமிழகத்தின் பல மறைமாவட்டங்களில் இன்னும் குருக்கள் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஒருமுறை இரவு ஒரு மணி வரை பேசியும் ஒன்றும் ஆகாமல் எழுந்து வந்தேன்.

ஞானப்பூ அம்மாளைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். கணவர் இறந்தபின் உற்றார் உறவினரிடம் திரும்பிச் செல்ல அவருக்கு வழியில்லை. நாயர் வீட்டுப் பெண்ணான அவர் தம் எஞ்சிய காலத்தை வடக்கன்குளத்துக் கிறிஸ்தவர்களிடையே கழித்தார். அவருக்கென்று தனி விழா நாள் இல்லை. காற்றாடிமலைக்கு வரும் திருப்பயணிகளில் பலருக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. மலையிலிருந்து வடக்கன்குளம் அதிகத் தூரமில்லை. அவருடைய கல்லறை அங்கேதான் இருக்கிறது.